பேத்தி உடுத்திய கிமோனோ

இரண்டு வருடங்களுக்கு முன், ஜனவரி மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை. பாலிங் குன்றின் மேலிருந்த பனி இன்னும் விலகவில்லை. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்த என் கைப்பேசியில் ஒரு படம் வந்து விழுந்தது. அனுப்பியவள் ஜப்பானில், ஒகயாமா நகரில் பொறியியல் படிக்கும் என் மகள். படத்தில் அவள் கிமோனோ உடுத்தியிருந்தாள். கருஞ்சிவப்புப் பட்டு. தோளில் தொடங்கிப் பாதம் வரை வெள்ளைப் பூக்கள். இடுப்பில் அகலமான பொன்னிறப் பட்டை. தலையில் துணிப்பூ. ஒரு நிமிடம் யார் வீட்டுப் பெண்ணோ என்றுதான் நினைத்தேன்.

கைப்பேசியை அம்மாவிடம் நீட்டினேன். தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருப்பவர் அவர். நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவர். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். நான் எதிர்பார்த்தது பூவைப் பற்றியோ பட்டைப் பற்றியோ ஒரு வார்த்தை. அவர் கேட்டது வேறு.

“என்னாடி இது, கை இவ்ளோ நீளமா தொங்குது? இதைப் போட்டுக்கிட்டு எப்படிச் சோறாக்குறது?”

அடுத்தது, “கழுத்து மூளியா இருக்கே. ஒரு சங்கிலிகூடவா இல்ல?”

பிறகு கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று முழுவதும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. காரணம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ‘ஜப்பான்காரன்’ என்ற சொல்லை அம்மா சாதாரணமாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த நீளக் கை.

அம்மா குறை என்று நினைத்துக் கேட்டாரே, அந்தக் கைதான் அந்த உடையின் பெயர். கிமோனோ என்றால் ‘உடுத்தும் பொருள்’ என்றுதான் பொருள். நாம் துணிமணி என்று சொல்வதைப் போல. அதற்குள் பல வகை. என் மகள் உடுத்தியிருந்தது ‘ஃபுரிசோதே’. ஆடும் கை என்று சொல்லலாம். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்குக் கை கீழே தொங்கும். அதை உடுத்துபவர்கள் கல்யாணமாகாத பெண்கள் மட்டும். கல்யாணம் முடிந்தால் கை குட்டையாகிவிடும். அந்தக் காலத்தில் அதே உடையின் கையையே குறைத்துத் தைத்துக்கொண்டார்களாம். நீளக் கையோடு சோறாக்க முடியாது என்று அம்மா சொன்னதும், நீளக் கை குமரிப் பெண்ணுக்கு மட்டும்தான் என்று ஜப்பானியர் வைத்ததும் ஒரே கணக்கு என்று எனக்குத் தோன்றியது.

அன்று அங்கே ‘செய்ஜின் நோ ஹி’, அதாவது வயதுக்கு வந்தோர் நாள். நம் ஊரில் வயதுக்கு வருவது என்றால் ஒன்றுதான். அங்கே ஆணும் பெண்ணும் சட்டப்படி பெரியவர்களாவதை நாடே விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறது. முன்பு ஜனவரி 15 என்று இருந்ததை 2000-ஆம் ஆண்டிலிருந்து ஜனவரியின் இரண்டாவது திங்கள் என்று மாற்றினார்கள். 2022 ஏப்ரலில் சட்ட வயது 20-லிருந்து 18-ஆகக் குறைந்தது. ஆனாலும் பெரும்பாலான ஊர்களில் விழா மட்டும் இருபது வயதினருக்கே நடக்கிறது. பதினெட்டு வயதில் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு இருக்கிறதே! அந்த ஊரில் பதிவு செய்து குடியிருக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அழைப்பு வரும். என் மகளுக்கும் அப்படித்தான் நகராண்மைக் கழகத்திலிருந்து கடிதம் வந்தது.

சொந்தமாக ஒரு நல்ல ஃபுரிசோதே வாங்குவதென்றால் லட்சக்கணக்கில் யென் வேண்டும். அதனால் பெரும்பாலோர் வாடகைக்கு எடுக்கிறார்கள். ஒரு வருடம், சில சமயம் இரண்டு வருடம் முன்பே சொல்லி வைக்கிறார்கள். அன்று விடிகாலை நான்கு, ஐந்து மணிக்கே சிகைக் கடையில் வரிசை. 2018-இல் யோகோஹாமாவில் ஒரு வாடகை நிறுவனம் விழா நாளன்றே கடையைப் பூட்டிவிட்டு மறைந்துபோனது. பணம் கட்டிய நூற்றுக்கணக்கான பெண்கள் உடுத்த உடையின்றி நின்றார்கள். நாடு முழுக்க அதுதான் பேச்சு. அந்த நிறுவனத்தின் தலைவர் பிறகு மோசடி வழக்கில் சிறை சென்றார். கல்யாணத்தன்று காலையில் கூரைப்புடவை வந்து சேரவில்லை என்றால் நம் வீட்டில் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. தாய் இருபது வயதில் உடுத்தியதை மகளுக்கு அளவு திருத்தி, ஓபியையும் பூவையும் மட்டும் புதிதாக மாற்றிக் கட்டிவிடுவது. ‘மாமாஃபுரி’ என்று அதற்குச் செல்லப் பெயர்கூட இருக்கிறது. மாமா என்றால் அங்கே அம்மா.

வெட்டாத துணியும் வெட்டிய துணியும்

நம் புடவைக்கு அளவே கிடையாது. ஐந்தரை மீட்டர் துணி; ஒல்லியாக இருந்தாலும் பருமனாக இருந்தாலும் கொசுவம்தான் கூடிக் குறையும். கிமோனோ தைத்த உடை என்பதால் அது வேறு ரகம் என்று எண்ணியிருந்தேன். மகள் விளக்கிய பிறகுதான் இரண்டும் நெருங்கிய சொந்தம் என்று புரிந்தது. சுமார் 36 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரே சுருள் துணி. அதை நேர்கோட்டிலேயே எட்டுத் துண்டுகளாக வெட்டுகிறார்கள். கழுத்துக்கு வளைவு, கைக்கு வளைவு என்று எதுவும் இல்லை; அதனால் வீணாகும் துணியும் இல்லை. மிச்ச அகலத்தைத் தையலுக்குள்ளேயே மடித்து விடுகிறார்கள். அழுக்கானால் தையலைப் பிரித்து, துண்டுகளை மறுபடி ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்து, பழைய சுருளாகவே ஆக்கித் துவைத்து, கஞ்சி போட்டு இழுத்துக் காயவைத்து, திரும்பத் தைத்துக்கொள்வதுதான் பழைய முறை.

சின்னப் பிள்ளைகளின் கிமோனோவில் தோளிலும் இடுப்பிலும் பெரிய மடிப்பு வைத்துத் தைத்திருப்பார்கள். பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்துவிடுவார்கள். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தீபாவளிப் பாவாடைகள் எல்லாவற்றிலும் அம்மா கையால் தைத்த அந்த மடிப்பு இருந்தது. மூன்று தீபாவளி தாண்டிய பாவாடையில், பிரித்த மடிப்பின் இடம் மட்டும் புதுநிறமாக ஒரு வளையம் போலத் தெரியும். பள்ளியில் அதை மறைக்க நான் பட்ட பாடு!

கட்டுவதுதான் கடினம். உள்ளே ஒரு வெள்ளை அங்கி, அதற்கு மேல் ‘ஜுபான்’ என்னும் இன்னொரு அங்கி, அதற்கு மேல் கிமோனோ. இடையிடையே நாடாக்கள். அதற்கும் மேல் நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஓபி. காலில் கட்டைவிரல் தனியாகப் பிரிந்த ‘தபி’ என்னும் வெள்ளைக் காலுறை. ஜப்பானியப் பெண்களிலேயே பலருக்கு இன்று தானாகக் கட்டத் தெரியாது. அதைக் கற்றுக்கொடுக்கவே பள்ளிகள் இருக்கின்றன.

இதில் தவறவே கூடாத விதி ஒன்று உண்டு. உடுத்துபவரின் இடப்பக்கத் துணிதான் மேலே வரவேண்டும். ஆணோ பெண்ணோ, சின்னவரோ பெரியவரோ, எல்லாருக்கும் இதுதான். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்துவது. நாம் கோயிலை வலமாகச் சுற்றுகிறோம், மயானத்தில் இடமாகச் சுற்றுகிறோம் இல்லையா, அது போல. என் மகள் அன்று கைப்பேசியில் தானே எடுத்த படம் ஒன்றைத் தோழிகளுக்கு அனுப்பப் போய், கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறிப் பதிவாகியிருக்கிறது. அடுத்த நிமிடம் ஒரு ஜப்பானியத் தோழி பதறிப்போய்க் கூப்பிட்டாளாம், யார் உனக்கு உடுத்திவிட்டது என்று. செல்ஃபி எடுப்பவர்கள் கவனத்துக்கு.

ஏழு, ஐந்து, மூன்று

அம்மாவின் மௌனம் கலைந்தது அதற்கு ஒரு வாரம் கழித்து. அன்று மகள் காணொளி அழைப்பில் இருந்தாள். கிமோனோவுக்கு வேறு என்னென்ன சமயம் உண்டு என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு நவம்பர் 15-இல் ஒரு சடங்கு இருக்கிறது என்றாள். பெண்பிள்ளைக்கு மூன்று வயதிலும் ஏழு வயதிலும், ஆண்பிள்ளைக்கு ஐந்து வயதிலும், சில இடங்களில் மூன்றிலும், கிமோனோ உடுத்திக் கோயிலுக்கு அழைத்துப் போவார்கள். பெயர் ‘ஷிச்சி-கோ-சான்’.

மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னார்: “ஏழு, அஞ்சு, மூணு.”

கைப்பேசியின் அந்தப் பக்கம் மகள் வாயடைத்துப் போனாள். அம்மா எண்ணிக் காட்டினார். “இச்சி, நீ, சான், சி, கோ, ரோக்கு, ஷிச்சி, ஹச்சி…” எட்டு வயதில் தோட்டத்துப் பள்ளியில் கற்றது. தப்பாகச் சொன்னால் அடி. எண்பது வருடம் ஆகியும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் இது ஒரு பேச்சாகிவிட்டது. பேத்தி ஒரு கிமோனோவைச் சொல்வாள். பாட்டி அதற்கு ஒரு புடவையைச் சொல்வார். நான் நடுவில் இருந்து கேட்டுக்கொள்வேன். இந்தக் கட்டுரையில் பாதி அவர்கள் பேசியதுதான்.

ஏழு வயதுப் பெண்பிள்ளைதான் முதன்முதலாகப் பெரியவர்களைப் போல ஓபி கட்டுகிறாள். அதுவரை நாடாதான். “நமக்கு அது மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர்ப் புடவை” என்றார் அம்மா.

கல்யாணத்தில்தான் பாட்டி தடுமாறினார். ஜப்பானிய மணப்பெண் கோயில் திருமணத்தில் ‘ஷிரோமுகு’ உடுத்துகிறாள். தலையிலிருந்து கால் வரை தூய வெள்ளை. படத்தைப் பார்த்ததும் அம்மா, “ஐயையோ, தாலி கட்டுற அன்னிக்கு வெள்ளையா? கட்டைல போறப்ப உடுத்துறது மாதிரி” என்றார். மகள் சொன்ன விளக்கம் இது: பிறந்த வீட்டின் சாயம் எதுவும் ஒட்டாமல், புகுந்த வீட்டின் சாயத்தை ஏற்க வருகிறாள் என்று பொருள் சொல்வார்களாம். சடங்கு முடிந்ததும் வெள்ளையை மாற்றிச் சிவப்பும் பொன்னுமாக வேறு உடை உடுத்திவிடுவாள். நம் பெண்களும் முகூர்த்தத்துக்கு நடுவில் எழுந்து போய்க் கூரைப்புடவை மாற்றிக்கொண்டு வருவார்களே, அதைப் போல. எனக்கு அந்த விளக்கத்தில் முழு உடன்பாடு இல்லை. புகுந்த வீட்டுச் சாயம் ஏறுவதற்காகப் பெண் வெறுந்துணியாகப் போக வேண்டுமா என்ன! அம்மாவோ, “சரி, ஒவ்வொரு ஊருக்கு ஒவ்வொண்ணு” என்று விட்டுவிட்டார்.

மணமக்களின் தாய்மார்கள் உடுத்துவது ‘தோமேசோதே’. கறுப்புப் பட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் சித்திரம். முதுகில் ஒன்று, இரண்டு கைகளின் பின்புறம் இரண்டு, மார்பில் இரண்டு என ஐந்து இடங்களில் குடும்ப முத்திரை. கல்யாணமான பெண்ணின் உச்ச மரியாதை உடை அது. கல்யாண வீட்டில் கறுப்பு! ஆனால் துக்க வீட்டுக்கும் கறுப்புதான். ‘மோஃபுகு’ என்று பெயர். அதே ஐந்து முத்திரை உண்டு. சித்திரம் ஒரு பூகூடக் கிடையாது. ஓபியும் கறுப்பு. அதில் ஒரு நுட்பம் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கல்யாணத்துக்கு ஓபியின் முடிச்சை இரட்டையாகக் கட்டுவார்கள், மகிழ்ச்சி இரட்டிக்கட்டும் என்று. சாவுக்கு ஒற்றையாகத்தான் கட்டுவார்கள், துக்கம் இன்னொரு முறை வரக்கூடாது என்று.

“சாவு வீட்டுல போயிட்டு வரேன்னு சொல்றதில்லையே, அதுதான்” என்றார் அம்மா.

இடைப்பட்ட சமயங்களுக்கும் உடை உண்டு. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் விழா, தேநீர்ச் சடங்கு, மரியாதைக்குரியவர் வீட்டுக்குப் போவது போன்றவற்றுக்கு ‘ஹோமோங்கி’. கடைத்தெருவுக்கு உடல் முழுக்கச் சின்னப் பூப்போட்ட ‘கோமோன்’. கோடைக்கால வாணவேடிக்கைக்கும் முன்னோர் ஆவிகள் வீட்டுக்கு வரும் ‘போன்’ நாட்களுக்கும் பருத்தியால் ஆன ‘யுகாதா’. பல்கலைக்கழகப் பட்டமளிப்புக்குப் பெண்கள் குட்டைக் கிமோனோ மேல் ‘ஹகாமா’ என்னும் கொசுவம் வைத்த நீளப் பாவாடை கட்டுவார்கள். இதற்கெல்லாம் மேலே பருவக் கணக்கு வேறு. அக்டோபர் முதல் மே வரை உள்துணி வைத்தது, ஜூனிலும் செப்டம்பரிலும் உள்துணி இல்லாதது, ஜூலை ஆகஸ்டில் சல்லடை போல மெல்லியது. பூவேலையிலும், அந்தப் பூ வெளியே பூப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே உடுத்திவிட வேண்டும். பூத்த பிறகு உடுத்தினால் பூவோடு போட்டி போடுவதாம். வருடம் முழுக்க வெயிலும் மழையுமாகவே இருக்கும் நமக்கு இந்தக் கவலை இல்லை.

கோணிச்சாக்கு

இனி, அம்மா ஏன் ஒரு வாரம் பேசவில்லை என்பதற்கு வருகிறேன்.

பாலிங்கிலிருந்து கிழக்கே போகும் சாலை, இன்று பெங்காலான் ஹூலு என்று அழைக்கப்படும் க்ரோ வழியாகத் தாய்லாந்தின் பெத்தோங்குக்குப் போகிறது. வார இறுதியில் நம்மவர்கள் கோழிச்சோறு சாப்பிடப் போகும் அதே சாலை. 1941 டிசம்பரில் தாய்லாந்தின் பட்டாணிக் கரையில் இறங்கிய ஜப்பானியப் படையின் ஒரு பகுதி அந்த வழியாகத்தான் வந்தது. தடுக்கப் போன பிரிட்டிஷ் இந்தியப் படை பின்வாங்கிய வழியும் அதுவே. அம்மாவுக்கு அப்போது வயது எட்டுக்குள். பாலிங்குக்கும் கோல கெட்டிலுக்கும் இடையே ஒரு தோட்டத்தில் லயத்து வீடு.

அம்மாவின் அப்பாவை, என் தாத்தாவை, சயாமில் ரயில் தண்டவாளம் போடும் வேலைக்கு அழைத்துப் போனார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொன்னார்களாம். 1942-43இல் பர்மாவரை 415 கிலோமீட்டருக்குப் போடப்பட்ட அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் போனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அவர்களில் பெருந்தொகையினர் மாண்டார்கள். தாத்தா திரும்பவில்லை. எந்த இடம், எந்தத் தேதி, ஒன்றும் தெரியாது. அதனால் எங்கள் வீட்டில் அவருக்குத் திதி கிடையாது. தை அமாவாசையில் ஒரு படையல் மட்டும்.

அதைப் பற்றி அம்மா அதிகம் பேசமாட்டார். அவர் பேசுவது துணியைப் பற்றி. கப்பல் வரவில்லை, துணி வரவில்லை. இருந்த புடவைகளைப் பாட்டி ஒவ்வொன்றாக மரவள்ளிக்கிழங்குக்கும் உப்புக்கும் மாற்றினார். கடைசியில் தோட்டத்துப் பெண்கள் அரிசிக் கோணியைப் பிரித்துத் தைத்து உடுத்தினார்கள். மலாயாத் தோட்டங்கள் பலவற்றிலும் அன்று இதுதான் நிலை. “சாக்கு நனைஞ்சா கனக்கும். காஞ்சா அறுக்கும். தையல் முழுக்க பேன்” என்பார் அம்மா. மாற்றுத்துணி இல்லாததால் பெரியவளான ஓர் அக்காவுக்குத் தண்ணீர் ஊற்றாமலே விட்டார்களாம். உடுத்த ஒரு துணி இல்லையென்றால் சடங்கு எங்கே!

அந்தப் பெண்தான் எண்பது வருடம் கழித்து, தன் பேத்தி ஜப்பான் பட்டில் நிற்கும் படத்தைப் பார்த்தார்.

இதை நான் மகளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகு வருந்தினேன். அவள் அதை, விழாவன்று தனக்குக் கிமோனோ கட்டிவிட்ட வயதான அம்மாளிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் வெகுநேரம் பேசவில்லையாம். பிறகு தன் வீட்டுக் கதையைச் சொன்னாராம். என் மகள் அதைத் தேடிப் படித்து, உறுதிசெய்துகொண்டு, பாட்டிக்கு விவரமாகச் சொன்னாள்.

ஜப்பானிலும் 1940 ஜூலையில் ஆடம்பரத் துணிகளின் உற்பத்தியைத் தடை செய்தார்கள். ‘ஆடம்பரமே எதிரி’ என்று தெருவெல்லாம் வாசகம். துணிக்கும் பங்கீட்டுச் சீட்டு வந்தது. போர் முற்றிய காலத்தில், நீளக் கைகளை வெட்டிக் குட்டையாக்குங்கள் என்று பெண்களிடம் பிரச்சாரம் நடந்தது. கிமோனோவை ஒதுக்கிவிட்டு ‘மோன்பே’ என்னும் தொளதொளத்த கால்சட்டை போட்டுக்கொண்டார்கள். போருக்குப் பிறகு பஞ்சம். நகரத்துப் பெண்கள் கல்யாணத்துக்கு உடுத்திய கிமோனோவையும் மகளுக்கென்று வைத்திருந்ததையும் எடுத்துக்கொண்டு ரயிலேறிக் கிராமத்துக்குப் போய், விவசாயிகளிடம் கொடுத்து அரிசியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் வாங்கி வந்தார்கள். மூங்கில் குருத்தை ஒவ்வொரு பட்டையாக உரிப்பது போல ஒவ்வோர் உடையாகப் போனதால் அதற்கு ‘மூங்கில் குருத்து வாழ்க்கை’ என்றே பெயர். கிமோனோ கட்டிவிட்ட அம்மாளின் தாய் அப்படித்தான் தன் பெட்டியைக் காலி செய்தாராம்.

அம்மா இதைக் கேட்டுவிட்டு, “அங்கயும் கிழங்குதானா?” என்று மட்டும் கேட்டார்.

மன்னித்துவிட்டார் என்றோ மறந்துவிட்டார் என்றோ நான் எழுதமாட்டேன். தாத்தாவின் படையல் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு, பேத்தி கிமோனோ படம் அனுப்பினால் அவரே வாங்கிப் பார்க்கிறார்.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை எப்படி மாறியது என்பதற்கும் துணியே சாட்சி. அம்மாவின் தகரப் பெட்டியில் ஒரு நைலக்ஸ் புடவை இருக்கிறது. இளநீலம், ஊதாப் பூ. அறுபதுகளின் கடைசியில் அப்பா பினாங்கு மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வாங்கியது. ஜப்பான் சரக்கு என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்லித்தான் விற்றாராம். துவைத்தால் உடனே காயும், இஸ்திரி வேண்டாம், சாயம் போகாது. பால் வெட்டி முடித்துவிட்டுக் கோயிலுக்கு ஓடும் பெண்களுக்கு வேறென்ன வேண்டும்? கொள்ளைக்காரன் நாட்டுத் துணியா என்று அம்மா முதலில் தொடவில்லை. பக்கத்து லயத்துக்காரி கட்டிக்கொண்டு தீமிதிக்கு வந்ததைப் பார்த்த பிறகுதான் மனம் இளகியது என்று அப்பா கேலி செய்வார். பிறகு 1982-இல், நம் கெடாவைச் சேர்ந்த பிரதமர் துன் மகாதீர் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்தார். மலேசியப் பிள்ளைகள் ஜப்பானுக்குப் படிக்கப் போகும் வழி அகலமானது. என் மகள் போனதும் அந்த வழியில்தான்.

இன்று அங்கே கிமோனோ அன்றாட உடை அல்ல. சடங்குக்கு மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வருகிறது. கியோட்டோ தெருக்களில் கிமோனோவோடு நடப்பவர்களில் பலர் வாடகைக்கு எடுத்த சுற்றுலாப் பயணிகள். நிஷிஜின் தறிகளின் சத்தம் குறைந்துகொண்டே வருகிறது. நம் பக்கத்தில் மட்டும் என்ன? பாலிங்கில் தைப்பூசத்துக்கும் கல்யாணத்துக்கும் தவிர நானே புடவை கட்டுவது அபூர்வம். கொசுவத்தைத் தைத்தே வைத்த புடவை, ஒரு நிமிடத்தில் மாட்டிக்கொள்ளும் புடவை எல்லாம் வந்துவிட்டன. வாடகை லெஹங்காவில் நிச்சயதார்த்தம் நடக்கிறது. வாடகைக்கு எடுப்பதையோ தைத்த புடவையையோ நான் குறை சொல்லவில்லை. கட்டத் தெரியவில்லை என்று புடவையையே விடுவதைவிட அது மேல். எனக்கு உறுத்துவது வேறு. எந்தப் புடவை எதற்கு என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லாமல் போவதுதான். கோடிப் புடவை என்றால் என்ன, அதை ஏன் பிறந்த வீட்டார் கொண்டுவருகிறார்கள் என்று என் அலுவலகத்து இளம்பெண் ஒருத்திக்குச் சென்ற மாதம் நான் விளக்க வேண்டியிருந்தது. அவள் தாயார் இறந்த அன்று.

கிமோனோவை நம் பிள்ளைகள் உடுத்திப் பார்க்க ஆசைப்பட்டால் பினாங்கு எஸ்பிளனேட் திடலில், பொதுவாக ஜூலையில் நடக்கும் போன் ஒடோரி விழாவுக்குப் போகலாம். யுகாதாதான் அதற்குப் பொருத்தம். பருத்தி, நம் வெயிலுக்கும் தாங்கும். கல்யாணமானவர்கள் நீளக் கையைத் தொடவேண்டாம். கழுத்துச் சங்கிலியும் வளையலும் வீட்டிலேயே இருக்கட்டும். இடப்பக்கம் மேலே.

வரும் மார்ச்சில் என் மகளுக்குப் பட்டமளிப்பு. தோழிகள் எல்லாரும் ஹகாமா வாடகைக்குச் சொல்லிவிட்டார்கள். அவள் முடிவெடுக்காமல் இருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். நாப்தலின் வாசத்தோடு அந்த இளநீல நைலக்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இதை அனுப்பு. அங்கருந்து வந்ததுதானே, அங்க ஒருதரம் கட்டட்டும்.”

மார்ச்சில் அங்கே இன்னும் குளிர் இருக்கும், நைலக்ஸ் தாங்குமா என்றேன். உள்ளே சூடான உடுப்புப் போட்டுக்கொள்ளலாம் என்று மகள் சொல்லிவிட்டாள். பட்டத்தை வாங்கும்போது இது, தோழிகளோடு படம் எடுக்கும்போது ஹகாமா என்று இருவரும் சேர்ந்து ஏற்பாடும் செய்துவிட்டார்கள். ரவிக்கைதான் சிக்கல். பாட்டியின் பழைய ரவிக்கை பேத்திக்குப் பற்றாது. ஊதாத் துணிக்காக நாளை சுங்கைப்பட்டாணிக்குப் போகிறேன். புடவையைக் கட்டச் சொல்லிக்கொடுக்கும் வேலை அம்மாவுடையது. தினமும் இரவு ஒன்பது மணிக்குக் காணொளியில் வகுப்பு நடக்கிறது. அங்கே அவளிடம் புடவை இல்லாததால் படுக்கை விரிப்பில் பழகுகிறாள். கொசுவம் ஏழா எட்டா என்று அம்மா எண்ணுகிறார். சில சமயம் ஜப்பானிய மொழியில்.